மணிக்கட்டில் எழுதிய எண்கள்

1924 செப்டம்பர் 14, ஞாயிறு
மார்ட்டன்வில், ஒஹாயோ

அறை கிடைத்துவிட்டது. ஆறு வீடுகளில் என் நிறத்தைப் பார்த்ததுமே அறை போய்விட்டது என்றார்கள். ஏழாவது வீட்டில் கதவைத் திறந்தவன் வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து கூடியிருந்தது.

"டாக்டருக்குப் படிக்கிறியா? அப்ப உள்ள வா. எனக்கு எப்பவும் எங்கயாச்சும் வலிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றான்.

ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஆனால் இந்த நோட்டில் எல்லாரையும் என் மதுரைப் பேச்சிலேயே பேச வைக்கப்போகிறேன். நாள் முழுக்க ஆங்கிலம் பேசி நாக்கு தடித்துவிட்டது.

பெயர் டோனி ரூசிக். மனைவி லுட்மிலா; லுடா என்று கூப்பிடுகிறான். ஏழு மாதப் பெண் குழந்தை, ஆன்னா. எனக்கு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எஃகு ஆலையின் கரி உள்ளே வருகிறது. கல்லூரிக்கு டிராமில் இருபது நிமிடம்.

செப்டம்பர் 17, புதன்

வகுப்பில் என்னோடு இதுவரை பேசாதவர்கள்கூட இன்று சூழ்ந்துகொண்டார்கள். "ரூசிக் வீட்லயா இருக்கே?" அவன் யாரென்று தெரியாமலேயே நான் குடியேறியிருக்கிறேன். இந்த ஊரில் ஆலை முதலாளியைவிட டோனிதான் பெரிய ஆள்.

பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். அடுத்த வருடம் அதே சுரங்கத்தில் அப்பா மண் சரிந்து புதைந்துபோனார். சுரங்கத் தொழிலாளர் அணியில் பந்து ஆடத் தொடங்கினான். ஒரு கல்லூரி, வேறொரு பெயரில் இவனைத் தன் மாணவன் என்று சொல்லி ஒரு பருவம் ஆடவிட்டது. அவன் அங்கே ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லையாம். பிறகு, ஆட்டத்தையே பிழைப்பாக்கிக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவனாக இங்கே வந்தான். ஆறு வருடமாகிறது. பத்திரிகைகள் 'மார்ட்டன்வில் மான்' என்கின்றன.

செப்டம்பர் 28, ஞாயிறு

முதல் ஆட்டம். கால்பந்து என்கிறார்கள், கையில்தான் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு முனையும் கூம்பிய தோல் பந்து. ஒருவன் அதை வைத்துக்கொண்டு எதிரிகளின் கோட்டைத் தாண்ட வேண்டும், பதினோரு பேர் அவனை மண்ணில் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அணியின் வைத்தியர் முடக்குவாதத்தில் படுத்துவிட்டதால் டோனி என்னை இழுத்துக்கொண்டு போனான். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பிளாஸ்திரி போட்டுக் கட்டினேன். மற்றவர்கள் தோல் தொப்பி மாட்டிக்கொண்டார்கள். டோனி போடவில்லை. "அத மாட்டுனா ரெண்டு பக்கமும் கண்ணு தெரியல. எவன் வர்றான்னு தெரியாம எப்படி ஓடுறது?"

அவன் ஓடியதைப் பார்த்தேன். எழுதத் தெரியவில்லை. பிடிக்க வந்தவர்களின் கை அவன் இருந்த இடத்தில் இருந்தது, அவன் இல்லை.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். ஓய்வுநாளில் எங்கே இருந்தேன் என்று எழுதவில்லை. திருமங்கலத்தில் உபதேசியாராக இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு?

அக்டோபர் 6, திங்கள்

நேற்றும் ஜெயித்தோம். காலைப் பத்திரிகையில் கடைசி வரி என்னைப் பற்றி: 'கீழைநாட்டு மந்திரக் கை ரூசிக்கின் கால்களைக் காக்கிறது.' என் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் வெட்டி வைத்துக்கொண்டேன்.

அணியின் மேலாளர் ஹோல்கம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐஸ் ஆலை வைத்திருப்பவர். கையும் சில்லென்றுதான் இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

டோனிக்குத் தலையில் அடி. கொஞ்ச நேரம் மயக்கம். இரண்டாம் பாதியில் திரும்ப இறங்கினான். ஜெயித்தோம்.

அக்டோபர் 13, திங்கள்

காலை உணவின்போது டோனி கேட்டான்: "கரி வண்டி வந்துச்சா?" லுடா, வந்தது என்றாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினான். "கரி வண்டி வந்துச்சா?" என்றான். லுடா சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாவது முறை கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

துணி உலர்த்தப் பின்கட்டுக்குப் போனேன். டோனி தனியாக நின்று விரல்களை மடக்கி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்தான்.

ஆட்டத்தில் பந்தை எடுக்கும் முன் ஒருவன் எண்களைக் கத்துவான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஓட்டம். இருபத்தேழு என்றால் வலப்பக்கம் வெளியே, முப்பத்துநாலு என்றால் நடுவில் புகுந்து. மொத்தம் பதினெட்டு எண்கள்.

"ஆறு வருஷமா மனப்பாடம், டாக்டர். போன ஞாயித்துக்கிழமையிலேருந்து ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. கால் எல்லாத்தையும் மறக்காம வச்சிருக்கு. இந்த எண்ணு மட்டுந்தான் போயிருச்சு."

"ஒரு மாசம் ஓய்வு எடு."

"ஓய்வெடுத்தா எடத்துல வேறொருத்தன் நிப்பான். எனக்கு வேற என்ன தெரியும்? திரும்பவும் சுரங்கத்துக்குள்ள எறங்கவா?" மணிக்கட்டை நீட்டினான். "இங்க எப்படியும் பிளாஸ்திரி போடுறல்ல? அதுல எழுதிவிட்டுரு. ஒரே ஒரு வாரம். யாருக்கும் தெரிய வேணாம்."

அடிபட்ட மூளை தானாகவே தெளிவது உண்டு. புத்தகத்தில் இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாக்கில் தொட்டால் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சில் ஒன்று வைத்திருக்கிறேன். பதினெட்டு எண்களையும் பொடி எழுத்தில் எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டேன். டோனி இரண்டு முறை கோட்டைத் தாண்டினான். கூட்டத்தின் கூச்சல் ஆலைச் சங்கொலியையே அமுக்கிவிட்டது. என் வாயெல்லாம் ஊதா.

அக்டோபர் 22, புதன்

ஹோல்கம் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். பயிற்சி மருத்துவராக எந்த மருத்துவமனை எடுக்குமோ தெரியவில்லை என்றேன். எழுதிப்போட்ட நாலு இடமும் கைவிரித்துவிட்டதைச் சொன்னேன்.

"நகர மருத்துவமனை நிர்வாகக் குழுவுல என் மச்சினன் இருக்காரு. பருவம் நல்லபடியா முடியட்டும். ஒரு கடிதம் குடுக்குறேன்" என்றார். எழுந்திருக்கும்போது, "டோனி நல்லாத்தானே இருக்கான்?" என்றார்.

"நல்லா இருக்கார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சட்டைக் காலரை நானே துவைத்தேன். உடற்கூறு இரண்டு அத்தியாயம் படித்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

எழுதினேன். ஜெயித்தோம்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதினேன். ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் டோனிமேல் மோதினார்கள். விழுந்த சத்தம் கோட்டுக்கு வெளியே இருந்த எனக்குக் கேட்டது. எழுந்து எதிரணியின் வரிசையில் போய் நின்றான். எல்லாரும் அவன் வேடிக்கை காட்டுவதாக நினைத்தார்கள். உடை மாற்றும் கொட்டகையில் வாந்தி எடுத்தான். இடது கண்மணி வலதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. வெளிச்சம் சரியில்லாததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

நவம்பர் 5, புதன்

நூலகத்தில், போரில் தலைக்காயம் பட்ட சிப்பாய்களைப் பற்றி ஒரு புத்தகம். ஒரு வரியை எழுதிக்கொண்டேன்: 'முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை.' மூடி வைத்தேன். வெள்ளிக்கிழமை தேர்வு இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

காலை பதினோரு மணி. கல்லூரி இன்று இல்லை. டோனி, ஆன்னாவைத் தள்ளுவண்டியில் வைத்து இறைச்சிக் கடைக்குப் போனான். அரைமணி கழித்துப் பொட்டலத்தோடு வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டினான். நான் மாடிப்படியில் இருந்தேன். அவன் கையில் பொட்டலம் மட்டும்தான் இருந்தது.

"டோனி, பாப்பா எங்க?"

"மேல தூங்குதுல்ல?"

நான் செருப்புகூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். நாலு தெரு. தூறல் பனியாக மாறிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டி கடை வாசலில் அப்படியே நின்றது. போர்வைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு, எதிரே தொங்கிய பன்றித் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, ஆனால் என் விரலைப் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் லுடா வெறுங்காலோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் டோனி. அவன் முகத்தை இதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. எதிரணியில் பதினோரு பேர் வந்தாலும் அவன் அப்படி நின்றதில்லை.

"என்ன நடந்துச்சு?" என்றாள் லுடா.

"நான்தான் பாப்பாவோட ஒரு சுத்து நடந்துட்டு வர்றேன்னு டோனிகிட்டயிருந்து வாங்குனேன்" என்றேன். "லேட்டாயிருச்சு. மன்னிச்சுக்கங்க."

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். டோனி என் தோளைத் தொட வந்தான். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுதினேன். இப்போதெல்லாம் அம்புக்குறி போதாது. 'வலது' என்றால் எந்தக் கை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன், நன்றி செலுத்தும் நாள்

பருவத்தின் பெரிய ஆட்டம். எதிரி பெல்ஹேவன். எட்டாயிரம் பேர் என்றார்கள். மூன்று நாள் மழையில் மைதானம் களிமண்.

கட்டும்போது டோனி, "இன்னிக்கு யார்கூட ஆட்டம்?" என்றான். சொன்னேன். தலையாட்டினான். கட்டி முடிப்பதற்குள் திரும்பக் கேட்டான். என் பென்சில் நின்றது. ஹோல்கம் கதவருகே நின்றிருந்தார். எழுதி முடித்தேன்.

முதல் பாதியில் ஒன்றுமில்லை. இரண்டாம் பாதி தொடக்கத்தில் எதிரிகள் உதைத்த பந்து உயரமாக வந்தது. டோனி தன் கோட்டின் பக்கத்தில் அதைப் பிடித்தான். நேராக ஓடினான், ஒரு தோளைக் குறுக்கினான், இருவர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மற்றவர்கள் சேற்றில் வழுக்கிய இடத்தில் இவன் கால் மட்டும் பதிந்தது. எண்பது, தொண்ணூறு கஜம். யாரும் தொடவில்லை. கோட்டைத் தாண்டினான். எட்டாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள்.

டோனி நிற்கவில்லை.

கோட்டுக்கு அப்பால் ஓடினான். கயிற்றுக்கு அடியில் குனிந்து கூட்டத்துக்குள் போனான். ஜனங்கள் சிரித்து, வழிவிட்டு, முதுகில் தட்டினார்கள். பந்தோடு வெளிவாசலைத் தாண்டிவிட்டான். வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நான் பிளாஸ்திரிப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கரி வண்டிகள் நிற்கும் ரயில் கிளைப் பாதையில் இருந்தான். தண்டவாளத்துக்கு நடுவில். நல்லவேளை, வண்டி எதுவும் நகரவில்லை. பந்தை மதிய உணவுத் தூக்குபோல இடுக்கிக்கொண்டு நின்றான்.

"ஷிஃப்டுக்கு ஊதியாச்சா?" என்றான். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "அப்பா கீழ எறங்கிட்டாரா?"

நான் அவன் கையைப் பிடித்துப் பாதையைவிட்டு இறக்கினேன். வந்தான். அதற்குள் ஹோல்கம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"இன்னும் அரை மணி நேர ஆட்டம் பாக்கி இருக்கு. மூஞ்சில தண்ணி அடிச்சுக் கூட்டிட்டு வா."

"மாட்டேன்."

தைரியமாகச் சொன்னதாக எழுத ஆசைதான். குரல் எழும்பவில்லை. அவர், "என்ன சொன்னே?" என்று கேட்டதால் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தக் கடிதம் என் மேசைல இருக்கு. கையெழுத்து இன்னும் போடல."

"தெரியும், சார்."

டோனியை நடத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் மைதானத்தின் இரைச்சல் கேட்டது. அவன் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

டோனி தூங்கினான். லுடாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபர் பன்னிரண்டு, எண்கள், கண்மணி. கடைசியில் தள்ளுவண்டி.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊதா எழுத்த ஒவ்வொரு திங்கக்கிழமையும் நான்தான் தேய்ச்சுக் கழுவுனேன். வைத்தியக் குறிப்புன்னு நெனச்சேன். அவருக்கு என்னமோ ஆகுதுன்னு எனக்கும் தெரிஞ்சது. ஆனா வைத்தியம் படிச்சவரு ஒருத்தர் வீட்லயே இருக்காரு, அவரு ஒண்ணும் சொல்லல. அதனால நானும் ஒண்ணும் கேக்கல."

திரும்பவும் கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 3, புதன்

டோனிக்கு அந்த ஓட்டம் நினைவில் இல்லை. பத்திரிகைகள் இதுவரை இந்த மாநிலம் காணாத ஓட்டம் என்கின்றன. அவன் வாசலைத் தாண்டி ஓடியதும் ஊருக்கு ஒரு நல்ல வேடிக்கைதான். டோனி திரும்பத் திரும்பப் படிக்கிறான். "நான்தானாம்" என்கிறான்.

ஹோல்கம் இன்று காலை வந்தார். தென் மாநிலங்களில் குளிர்காலச் சுற்றுப்பயணம். ஆறு வாரம், பன்னிரண்டு ஆட்டம். சுவரொட்டியில் டோனியின் படம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. லுடா பேனாவை எடுத்து மறைத்தாள். ஹோல்கமின் சட்டைப்பையில் இன்னொரு பேனா இருந்தது. டோனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவர் போனதும் நான் டோனியின் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: இன்னொரு அடி விழுந்தால் உயிரோடு எழுந்திருக்க மாட்டாய், எழுந்தாலும் இவர்களை உனக்குத் தெரியாது.

அவன் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினான்.

"எழுதிக் குடுத்தவனே நீதானேடா. இப்ப என்ன திடீர்னு டாக்டர் ஆயிட்ட?"

டிசம்பர் 5, வெள்ளி

பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். பார்த்தது, தேதி, நான் செய்தது, ஒன்றும் விடவில்லை. அடியில் முழுப்பெயர், வீட்டு முகவரி. தபாலில் போடும் முன் சமையலறையில் லுடாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"தெரியல."

"அவரு உங்கள மன்னிக்க மாட்டாரு."

"தெரியும்."

குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "போடுங்க" என்றாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த முறை பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள், ஆ. ஞானாபரணம் என்று. மதியம் கூடத்து ஜன்னலில் கல் விழுந்தது. டோனி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். நான் குனிந்தபோது, "விடு" என்றான்.

டிசம்பர் 15, திங்கள்

தெற்கே இருக்கும் அணிகள், ரூசிக் இறங்கினால் நாங்கள் இறங்க மாட்டோம் என்று தந்தி கொடுத்துவிட்டன. ஒருவன் மைதானத்தில் செத்தான் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். ஹோல்கம் வேறொருவனைப் போட்டுச் சுவரொட்டி அடிக்கிறார். ஒப்பந்தத்தை ஆளிடம் கொடுத்தனுப்பினார், நாலாகக் கிழித்து.

டோனி முழு நாளும் பின்கட்டில் நின்றான். தொப்பி இல்லாமல், பனியில்.

டிசம்பர் 18, வியாழன்

கல்லூரி முதல்வர் அறையில் மூன்று பேர். என்மேல் மூன்று குற்றச்சாட்டு: உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்தது, ஆபத்தை மறைத்தது, பிறகு நோயாளியின் நிலையை ஊரறியச் சொன்னது. மூன்றும் உண்மை என்றேன். ஒரு வருடம் நீக்கம். முதல்வர் கதவுவரை வந்தார். "இத அக்டோபர்லயே சொல்லியிருந்தா உங்களுக்குக் கை குடுத்திருப்பேன்" என்றார்.

அப்பாவுக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து.

டிசம்பர் 27, சனி

கிளீவ்லண்டில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அறையைக் காலி செய்யும்படி டோனி சொல்லி ஒரு வாரமாகிறது. அவனுக்கு ஆலையில், கட்டுக் கம்பிகளை எண்ணாமல் தூக்கி வைக்கும் வேலை.

1925 ஜனவரி 3, சனி

காலை பத்தரை மணி வண்டி. என் இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். டோனி கீழே கோட்டோடு நின்றிருந்தான். பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

நடைமேடையில் இறக்கி வைத்தான்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றான்.

"தெரியும், டோனி."

"எதுக்குன்னு மறந்துட்டா லுடா ஞாபகப்படுத்திருவா."

அவன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வண்டி வந்தது. பெட்டியை ஒரே வீச்சில் உள்ளே ஏற்றினான். கை கொடுத்தான். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் போய்விட்டான் என்று நினைத்தேன். வாசல்வரை போனவன் அங்கேயே நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி என் ஜன்னலுக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"வெளிய போனா எடது பக்கமா, வலது பக்கமா?"

கார்டு விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"பெட்டிய எறக்கு" என்றேன்.

அவன் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். வண்டி எங்களைத் தாண்டிப் போனது. இடது பக்கமாகத் திரும்பி நடந்தோம். ரொட்டிக் கடை முனையில், "இங்கேருந்து எனக்குத் தெரியும்" என்றான். தெரிந்திருக்கலாம். நான் கூடவே வந்தேன்.

லுடா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

அடுத்த வண்டி நாலு மணிக்கு. இதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டை எடுக்கச் சொல்கிறாள். சூப்புக்கு மூன்று தட்டு வைக்க வேண்டுமாம்.